தோட்டத்துச் சாமிக்குப் பட்டா இல்லை

மதத்தால் சமூகத்துக்கு நன்மை அதிகமா, தீமை அதிகமா என்று பட்டிமன்றம் வைத்தால் கைதட்டல் கிடைக்கும். பேராக்கின் ஹுத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டங்களில் வைத்துக் கேட்டால், நிலப் பத்திரம் யார் கையில் என்ற இன்னொரு கேள்விதான் முந்திக்கொண்டு வருகிறது.

தெலுக் இந்தானிலிருந்து பாகான் டத்தோ போகும் வழியில் இன்று பெரும்பாலும் செம்பனை, இடையிடையே தென்னை. 1906-இல் டென்மார்க்காரரான வெஸ்டன்ஹோல்ஸ் ஜெண்டராத்தா தோட்டத்தைத் தொடங்கியது ரப்பருக்காக. இப்படி மலாயாவெங்கும் முளைத்த தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவர்கள் மாரியம்மனையும் முனீஸ்வரனையும் கூடவே கொண்டுவந்தார்கள். கல்யாணப் பேச்சு, சாவுச் செலவு, தேவார வகுப்பு, லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளில் நடக்கும் சண்டைக்குப் பஞ்சாயத்து எல்லாமே கோயில் வாசலில்தான். துரைமாரும் இடம் ஒதுக்கினார்கள், நன்கொடை கொடுத்தார்கள். கருணை மட்டும் காரணமில்லை. சாமி குடியிருக்கும் தோட்டத்தை விட்டு ஆள் அவ்வளவு லேசில் ஓடிப்போவதில்லை.

அதே கோயில்தான் சாதியையும் பத்திரமாகக் கரையிறக்கியது. முதல் மரியாதை யாருக்கு, கருவறைப் பக்கம் யார் வரக்கூடாது என்பதெல்லாம் கடல் தாண்டியும் மறக்கவில்லை. லயமே சாதிவாரியாகப் பிரிந்த தோட்டங்கள் உண்டு. 1929 கடைசியில் பெரியார் மலாயா வந்தபோது அவர் பேசவே கூடாது என்று கிளம்பியவர்களும் நம்மவர்களே. இதை மறைத்துவிட்டுக் கோயிலால் வந்த நன்மையை மட்டும் பேசுவது பாதிக் கணக்கு.

நாடு விடுதலை பெற்றதையொட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். பேராக் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடமே பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். அந்தப் புத்தி நம் கோயில் நிர்வாகங்கள் பலவற்றுக்கு வரவில்லை. கோபுரத்துக்கு வசூலித்தார்கள், கும்பாபிஷேகத்துக்கு வசூலித்தார்கள். கோயில் நிற்கும் நிலத்துக்கு வசூலிக்கவில்லை. நிலம் கைமாறியதும் பல தலைமுறைச் சாமி ஒரே நாளில் சட்டவிரோதக் கட்டடமானது. 2007 தீபாவளிக்குச் சில நாள் முன்பு ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் உடைக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 25-இல் இந்து உரிமைக்கான ஹிண்ட்ராஃப் அமைப்பின் பேரணிக்குத் திரண்ட கூட்டத்தில் அந்தக் கோபமும் இருந்தது. 2018 நவம்பரில் சிலாங்கூரில் உள்ள சீஃபீல்டு மாரியம்மன் கோயிலருகே கலவரம் வெடித்தது. அதில் படுகாயமடைந்த தீயணைப்பு வீரர் முகமட் அடிப் அடுத்த மாதம் இறந்தார். நிலத்தகராறுதான், ஆனால் மதத்தகராறாகவே நாடெங்கும் பேசப்பட்டது.

பட்டா இல்லாத மதத்தின் கதி இது. அரசு முத்திரையும் மேசையும் கிடைத்த மதம் என்ன செய்யும் என்பதை ஈப்போவில் பார்த்தோம். பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் கணவர் 2009-இல் இஸ்லாத்தைத் தழுவினார். அது அவர் உரிமை. ஆனால் மூன்று பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமல் மதம் மாற்றினார். பிள்ளைகள் நேரில் வரவில்லை, கலிமா சொல்லவில்லை; பிறப்புப் பத்திரத்தைக் கொண்டே மதமாற்றச் சான்றிதழ் வாங்கியாயிற்று. கடைசிக் குழந்தைக்கு அப்போது பதினோரு மாதம். அவளைத் தூக்கிக்கொண்டும் போய்விட்டார். ஷரியா நீதிமன்றம் பிள்ளைகளைத் தந்தையிடம் ஒப்படைக்கச் சொன்னது, ஈப்போ உயர்நீதிமன்றம் தாயிடம் கொடுக்கச் சொன்னது. இரண்டு உத்தரவுக்கும் நடுவில் போலீஸ் நின்றது.

எம். குலசேகரன் உள்ளிட்ட வழக்கறிஞர்கள் ஒன்பது ஆண்டு போராடினார்கள். 2018 ஜனவரி 29-இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அந்த மதமாற்றம் செல்லாது என்றார்கள்; தாய், தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும் என்றார்கள். தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸைனுன் அலி ஒரு முஸ்லிம் பெண்மணி. இதை நம்மவர்கள் அதிகம் சொல்வதில்லை. சொன்னால் ‘அவர்கள் எல்லாருமே இப்படித்தான்’ என்ற வசனம் எடுபடாது. தவறு செய்தது தொழுகையல்ல, தாயைக் கேட்காமலே முத்திரை குத்த ஓர் அலுவலகத்துக்கு இருந்த துணிச்சல்.

தீர்ப்பு வந்து ஏழு ஆண்டுகள் கழிந்தும் அந்தக் கடைசி மகள் தாயிடம் வந்து சேரவில்லை.