உங்களுக்குத் தெரியுமா? மருந்து வைக்காத துளை

சுரங்கத்துக்குள் பாறையை உடைக்கும்போது, பெரும்பாலும் நடுவில் ஒன்றிரண்டு துளைகளை வெடிமருந்து வைக்காமல் வெறுமனே விடுவார்கள். உடைந்த பாறை முன்பைவிட அதிக இடம் கேட்கும். சுற்றிலும் இறுகிய கல்லாகவே இருந்தால் அது எங்கே போகும்? அந்த வெற்றுத் துளைதான் அதற்கு முதல் இடம். அதை ஒட்டிய துளைகள் முதலில் வெடிக்கும். குழி அகல அகல அடுத்தடுத்த சுற்று. தரையோர வரிசை கடைசியில் வெடித்து, குவிந்த கல்லைத் தூக்கித் தளர்த்திவிடும். அள்ளுவது சுலபம்.

திறந்தவெளிக் குவாரியில் ஒரு பக்கம் வெட்டவெளி என்பதால் வெற்றுத் துளை தேவையில்லை. ஆனால் துளைக்குத் துளை 17 அல்லது 25 மில்லிசெகண்ட் தாமதம் வைப்பது வழக்கம். காதுக்கு ஒரே ‘டமார்’தான், அத்தனையும் ஒன்றாக வெடித்தாலோ ஊர்ச் சுவர்கள் வாங்கும் அதிர்வு வெகுவாகக் கூடிவிடும்.