மரச்சீனித் தட்டிலிருந்து மருத்துவச் சீட்டு வரை

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்குச் செல்லும் சாலையோரக் கடைகளில் இன்றும் விரும்பி உண்ணப்படுவது அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். மலையாளத்தில் இது கப்ப, சேலத்தில் மரவள்ளி. 1956 நவம்பர் 1 அன்று வகுக்கப்பட்ட மாநில எல்லை இவ்வூர்களை இரண்டாகப் பிரித்தது, உணவைப் பிரிக்கவில்லை.

ஆனால் இதே உணவை உண்டு வளர்ந்த நாம் மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது, கையிலுள்ள சீட்டில் கார்போஹைட்ரேட், என்சைம், அல்சர், எச். பைலோரி என்னும் சொற்களைக் கண்டு திகைக்கிறோம். அவை குறிப்பவை நம் தட்டிலும் வயிற்றிலும் இருப்பவையே. அவற்றுள் சிலவற்றை அறிந்துகொள்வோம்.

மாவும் நொதியும்

1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனிப் பயிரைப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரின்போது பர்மா அரிசி வரவு நின்றபோது, ஏழைகளின் பசியைத் தணித்தது இக்கிழங்கே. 100 கிராம் பச்சைக் கிழங்கில் ஏறத்தாழ 38 கிராம் கார்போஹைட்ரேட், அதாவது மாவுப்பொருள், உள்ளது. புரதமோ 2 கிராமுக்கும் குறைவு.

கிழங்கை நெடுநேரம் மென்றால் மெல்லிய இனிப்புத் தோன்றும். உமிழ்நீரிலுள்ள அமிலேஸ் மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைப்பதன் விளைவு அது. இவ்வாறு உடலின் வேதிவினைகளை விரைவுபடுத்தும் பொருளே என்சைம்; தமிழில் நொதி. மாவுப்பொருள் முடிவில் குளுக்கோஸாகி இரத்தத்தில் சேர்கிறது. நீரிழிவு உள்ளவர் கிழங்கின் அளவைக் குறைக்க வேண்டும் என மருத்துவர் கூறுவது இதனால்தான்.

வடித்த நீரும் மீன்கறியும்

கிழங்கைத் தோலுரித்து, நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிடுவது நம் பாட்டிமார் காத்துவந்த வழக்கம். கிழங்கில் லினமாரின் என்னும் பொருள் உண்டு. கிழங்கை நறுக்கும்போது அதிலுள்ள நொதி ஒன்று இதனை உடைக்க, சயனைடு வெளிப்படுகிறது. கசப்பு வகைகளில் இது மிகுதி. நறுக்குவதும் வேகவைப்பதும் நீரை வடிப்பதும் அந்த நஞ்சின் பெரும்பகுதியை நீக்கிவிடுகின்றன.

எஞ்சிய சிறு அளவைச் செயலிழக்கச் செய்ய உடலுக்குக் கந்தகம் தேவை. அதனை வழங்குபவை மெத்தியோனைன், சிஸ்டீன் என்னும் அமினோ அமிலங்கள். அமினோ அமிலங்களின் கோவையே புரதம். மீனில் இவ்விரண்டும் நிறைந்துள்ளன. எனவே மீன்கறி சுவைக்காக மட்டும் சேர்ந்த துணையன்று. கிழங்கில் இல்லாததை ஈடுசெய்யும் உணவு அது.

அறுவைக் கத்தியிலிருந்து மாத்திரைக்கு

பாறசாலைக்குத் தென்கிழக்கே உள்ள நெய்யூரில் பல்லாண்டுகள் அறுவை மருத்துவராகப் பணியாற்றியவர் ஹோவர்டு சோமர்வெல். 1922இல் எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுவில் இருந்த அவர், பயணம் முடிந்து நெய்யூர் மருத்துவமனையைக் காண வந்தார். அங்குத் திரண்டிருந்த நோயாளிகளைக் கண்டு இங்கேயே பணிபுரிய முடிவுசெய்தார். அவரிடம் வந்தவருள் பலர் இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் புண் கொண்டவர்கள். அப்புண்ணே அல்சர். அதற்கான அறுவைச் சிகிச்சையில் தேர்ந்த அவர், 1948இல் அதுபற்றி நூலும் வெளியிட்டார். நெய்யாற்றின்கரை வட்டத்தின் காரக்கோணத்திலுள்ள மருத்துவக் கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

காரமும் கவலையுமே அல்சருக்குக் காரணம் என நெடுங்காலம் நம்பப்பட்டது. 1982இல் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியை வளர்த்துக் காட்டினர். சீட்டில் எச். பைலோரி எனச் சுருக்கி எழுதப்படுவது இதுவே. 1984இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே அருந்தி இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

இக்கிருமி யூரியேஸ் என்னும் நொதியால் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டு வாழ்கிறது. அந்நொதியைக் கண்டறிவதே யூரியா மூச்சுச் சோதனை. கிருமி இருப்பது உறுதியானால், நுண்ணுயிர்க்கொல்லிகளும் அமிலம் குறைக்கும் மருந்தும் பெரும்பாலும் 14 நாட்கள் தரப்படுகின்றன. அன்று அறுவைமேசைக்குச் சென்ற பலரின் நோய் இன்று மாத்திரைகளால் தீரக்கூடியது.

நாம் செய்ய வேண்டியது

விடியுமுன் வெறும் வயிற்றோடு ரப்பர் பால்வெட்டச் செல்பவர், வயிறு எரிந்தால் கடையில் அமில மாத்திரை வாங்கி விழுங்கி வேலையைத் தொடர்வதுண்டு. எரிச்சல் அடங்கலாம்; கிருமி அடங்காது. அம்மாத்திரையை உட்கொண்டிருந்தால் மூச்சுச் சோதனை கிருமி இல்லை எனத் தவறாகவும் காட்டக்கூடும். எனவே அதனை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மூட்டுவலிக்கு நாமே வாங்கி உண்ணும் வலிநிவாரணிகளையும் மறைக்கலாகாது. அல்சருக்கு அவையும் முக்கியக் காரணம்.

கரிய நிற மலம், இரத்த வாந்தி, காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் காலம் தாழ்த்தலாகாது. அடுத்தமுறை மருத்துவர் சீட்டு எழுதும்போது, "இது கிருமியாலா, மருந்தாலா?" என்று நாம் கேட்கலாம். வலி தணிந்ததும் மருந்தை நிறுத்திவிடாமல், சொன்ன நாள்வரை உட்கொண்டு, கிருமி அகன்றதா என மீண்டும் சோதித்துக்கொள்வோம்.