கியர் கேபிள்: மாற்றும் முன்பும் மாற்றிய பின்பும்

டிரைவர் பிடிப்பது கேபினுக்குள் இருக்கும் லிவரை; கியர் விழுவது சேஸிஸுக்கு நடுவே தொங்கும் கியர்பாக்ஸில். பழைய லாரிகளில் இரண்டையும் இரும்பு ராடுகள் இணைத்தன. கேபினை முன்னால் சாய்த்து இன்ஜினைப் பார்க்கும் இன்றைய வண்டிகள் பலவற்றில் அந்த வேலை இரண்டு கேபிள்களுடையது. லிவரை இடவலமாக அசைத்தால் ஒரு கேபிள் கியர் வரிசையைத் தேர்ந்தெடுக்கும். முன்பின்னாக அசைத்தால் மற்றொன்று கியரைப் போடும்.

சைக்கிள் பிரேக் கேபிள் இழுப்பதோடு சரி. திரும்பக் கொண்டுவருவது ஸ்பிரிங். கியர் கேபிளோ இழுக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும். தள்ளும்போது மடங்காதபடி உள்ளே விறைப்பான எஃகுக் கம்பி, அதைச் சுற்றி எஃகு இழைகளாலான உறை, உரசல் குறைய நடுவே பிளாஸ்டிக் குழாய்.

முனையிலுள்ள ரப்பர் மூடி கிழிந்தால் மழைநீரும் மண்ணும் உள்ளே போய்க் கம்பி துருப்பிடிக்கும். சைலன்சர் குழாயின் சூடு பிளாஸ்டிக்கை இளக்கும். கியர் இறுகும்.

ஆனால் கியர் இறுகினாலே கேபிள்மேல் பழி போட வேண்டாம். இன்ஜின் ஓடும்போது மட்டும் கியர் விழ மறுத்தால் முதல் சந்தேகம் கிளட்ச்மேல். நின்றிருக்கும்போதும் இறுக்கமென்றால், கியர்பாக்ஸ் முனையில் கேபிளைக் கழற்றி, அங்குள்ள சிறு லிவரைக் கையால் அசைத்துப் பார்க்கலாம். அது எளிதாக நகர்ந்தால் கோளாறு கேபிள் பக்கம், நகராவிட்டால் கியர்பாக்ஸுக்குள்.

மாற்றுவதற்கு வண்டி சமதரையில் நிற்க வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். பழைய கேபிள் போன வழியைக் குறித்துக்கொண்டு, புதியதையும் அதே வழியில், சுருக்கென்று மடிக்காமல், சூட்டிலிருந்து விலக்கிக் கொண்டுபோக வேண்டும். லிவரும் கியர்பாக்ஸும் நியூட்ரலில் இருக்கும் நிலையில்தான் நீளத்தைச் சரிசெய்து லாக் நட்டை முடுக்க வேண்டும். நீளம் பிசகினால் கியர் பாதி மட்டுமே விழும், ஓட்டத்தில் நழுவிவிடும்.

கடைசியாகக் கிளிப். 2018இல் ஃபோர்டு நிறுவனம் எஃப்-150 பிக்கப் உள்ளிட்ட சுமார் 3.5 லட்சம் ஆட்டோமேட்டிக் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. கேபிளைப் பிடிக்கும் கிளிப் சரியாக உட்காராமல் இருக்கலாம் என்பதே காரணம். அது கழன்றால் டிரைவர் போட்ட கியர் ஒன்று, கியர்பாக்ஸுக்குள் விழுந்தது வேறொன்று என்றாகி, நிறுத்திய வண்டி உருளக்கூடும். எனவே கிளிப்பை இழுத்துப் பார்த்து, ரிவர்ஸ் உட்பட எல்லா கியரையும் போட்டுப் பார்த்த பிறகே கட்டையை எடுக்க வேண்டும்.