கட்டிலைச் சுமந்த நால்வர்

கப்பர்நாகூம் ஊரிலே முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து வந்தனர். கூட்ட மிகுதியால் உள்ளே நுழைய இயலாதபோது, வீட்டின் கூரையைப் பிரித்து அவரைக் கட்டிலோடு ஆண்டவர் முன் இறக்கினர். அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டே இயேசு அந்நோயாளியிடம் பேசினார் என்று மாற்கு நற்செய்தியின் 2ஆம் அதிகாரம் எடுத்துரைக்கின்றது. அன்பார்ந்த இறைமக்களே, நம் குடும்பத்தில் ஒருவருக்கு மூளையிலோ முள்ளந்தண்டிலோ நோய் ஏற்படும்போது, அந்த நால்வரின் பணி நம்முடையதாகின்றது.

மூளைச் சத்திரசிகிச்சை என்றதும் நம் உள்ளம் நடுங்குகின்றது. ஒரு காலத்தில் அந்த அச்சத்திற்கு நியாயம் இருந்தது. கட்டி எங்கே இருக்கின்றது என்பதையே வைத்தியர்கள் பெரும்பாலும் ஊகிக்க வேண்டியிருந்தது. 1971ஆம் ஆண்டு லண்டனில் முதன்முறையாக ஒரு நோயாளியின் மூளை சீ.ரி. ஸ்கேன் கருவியால் படம்பிடிக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னர், 1967 முதல், யாசர்கில் என்ற நிபுணர் சூரிச் நகரில் நுணுக்குக்காட்டியின் துணையோடு மூளையின் மெல்லிய குருதிக்கலன்களைச் சீர்செய்யும் முறையை வளர்த்தெடுத்தார். மூளைக்கு வலியை உணரும் ஆற்றல் இல்லையாதலால், பேச்சுக்குரிய பகுதியின் அருகே உள்ள கட்டியை, நோயாளியை விழித்திருக்கச் செய்து, அவரோடு உரையாடியவாறே அகற்றவும் இன்று முடிகின்றது.

ஆயினும் ஆபத்து முற்றாக நீங்கிவிடவில்லை. சில கட்டிகள் நலமான பகுதியோடு வேரோடிக் கலந்திருப்பதால் அவற்றை முழுமையாக அகற்ற இயலாது. எனவே நன்மை, தீமை இரண்டையும் வைத்தியரிடம் கேட்டறிந்து முடிவெடுப்பது குடும்பத்தின் கடமை. மடு அன்னையிடம் நேர்ச்சை வைப்போம். அதைக் காரணங்காட்டிச் சிகிச்சையைப் பின்போடாதிருப்போம். செபிக்கவும் வைத்தியருக்கு இடங்கொடுக்கவும் சீராக் ஆகமத்தின் 38ஆம் அதிகாரம் ஒருசேரக் கற்பிக்கின்றது.

குருவானவரை அழைக்கவும் தயங்காதீர்கள். நோயில் பூசுதலை ‘அவஸ்தைப் பூசுதல்’ என அஞ்சி, இறுதி மூச்சுவரை காத்திருப்போர் இன்னும் உள்ளனர். அது மரணத் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே தெளிவுபடுத்தியது. கடும் நோயின் காரணமாகச் சத்திரசிகிச்சைக்குச் செல்பவர் அதற்கு முன்னரே இவ்வருளடையாளத்தைப் பெறலாம்.

முள்ளந்தண்டின் நிலை வேறு. விலகிய எலும்பை நிமிர்த்தி உலோகத்தால் பொருத்தவும், நரம்பை அழுத்தும் கட்டியை அகற்றவும் சத்திரசிகிச்சையால் முடியும். ஆனால் அறுந்துபோன முண்ணாணை மீண்டும் இணைத்து இயங்கச் செய்யும் வழி இன்றுவரை கண்டறியப்படவில்லை. ஆகவே, பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்தவரைக் கைகால்களைப் பிடித்துத் தூக்கி முச்சக்கரவண்டியில் திணிக்காதீர்கள். 1990 இலக்கத்திற்கு அழைத்து நோயாளர் காவுவண்டி வரும்வரை அவரை அசையாது வைத்திருங்கள். தூக்கியே ஆகவேண்டுமெனில், பலர் சேர்ந்து தலை, கழுத்து, முதுகு ஆகியன ஒரே நேராக இருக்கும்படி பலகையில் கிடத்துங்கள்.

சத்திரசிகிச்சையின் எல்லை முடியும் இடத்தில் அன்பின் பணி தொடங்குகின்றது. நாசி ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்த யூத வைத்தியர் லுட்விக் குட்மான், 1944இல் ஸ்டோக் மண்டவிலில் முண்ணாண் காயமுற்றோருக்கான பிரிவைத் தொடங்கினார். படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவில் இறந்துவிடுவர் எனக் கைவிடப்பட்டிருந்தவர்களை, இரண்டு மணித்தியாலத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கும் எளிய பராமரிப்பால் வாழவைத்தார். 1948இல் அவர்களுக்காக வில்வித்தைப் போட்டி நடத்தினார். அதுவே பின்னர் பராலிம்பிக் விளையாட்டாக வளர்ந்தது. 1960இல் உரோமையில் கூடிய அவ்வீரர்களைத் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் வரவேற்று வாழ்த்தினார்.

உங்கள் பங்கிலும் படுக்கையோடும் சக்கர நாற்காலியோடும் வாழ்வோர் இருப்பர். போரிலே காயமுற்ற இளைஞராகவும், மரத்தால் விழுந்த தந்தையாகவும் அவர்கள் இருக்கலாம். இரவில் அவர்களைப் புரட்டிவிடும் தாயோ மனைவியோ ஓர் இரவாவது உறங்க நீங்கள் துணை செய்ய முடியாதா? ஆலய வாசலில் படிக்கட்டின் அருகே ஒரு சாய்தளம் அமைக்க முடியாதா? கூரையைப் பிரிக்கும் துணிவு அந்த நால்வருக்கு இருந்தது. நம்மிடம் கேட்கப்படுவது அதைவிட எளியதே.