திரையில் நிலைக்காத அளவீடுகள்

திண்டுக்கல் நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் நிலத்தடி நீரைக் கெடுத்த கதை, நீதிமன்றம் வரை சென்ற ஒன்று. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அன்று திண்டுக்கல் அண்ணா மாவட்டம் எனப்பட்ட இப்பகுதி உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. பின்னர் 2014இல், மாசு மிகுந்த 17 வகைத் தொழில்கள் தம் கழிவுகளைத் தொடர்ந்து அளந்து, அளவீடுகளை இணையவழி அனுப்ப வேண்டும் என மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பணித்தபோது, தோல் பதனிடுதலும் அவற்றுள் அடங்கியது.

அவ்வாறு வரும் அளவீடுகளை வரைகோடுகளாகக் காட்டுவது டாஷ்போர்டு எனப்படும் கண்காணிப்புத் திரை. இன்றைய நிலையைக் காட்டவே அமைந்த இவ்வகைத் திரைகளுக்குப் பின்னுள்ள மென்பொருள்கள் பலவும் பழைய தரவைக் கழித்துவிடும் இயல்புடையவை. கணினிகளைக் கண்காணிப்பதற்கு உலகெங்கும் பயன்படும் புரோமீதியஸ், அமைப்பை மாற்றாவிட்டால் 15 நாள் தரவையே வைத்திருக்கும். 1999இல் வெளிவந்த ஆர்ஆர்டிடூல், ஒதுக்கிய இடம் நிரம்பியதும் பழைய அளவீட்டின் மேலேயே புதியதை எழுதும். இடத்தை மிச்சப்படுத்த நாள் சராசரியை மட்டும் வைத்துக்கொண்டால், நள்ளிரவில் அரை மணி நேரம் திறந்துவிடப்பட்ட கழிவுநீரின் உச்ச அளவு அச்சராசரிக்குள் மறைந்துபோகும். கிணற்றுநீர் கெடுவதோ பல ஆண்டுகளில் நிகழ்வது. ஆகவே அழிந்துபோன அளவீடு உழவரின் கையிலிருந்து நழுவிய சான்று என்றே கொள்ள வேண்டும்.

அளவீடுகளை அழியாமல் வைத்திருக்க ஏற்ற காப்பிடம் தொடர்புசார் தரவுத்தளம். ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட் 1970இல் முன்வைத்த இம்முறையில் தரவுகள் அட்டவணைகளாக அமைகின்றன: நிலையங்களுக்கு ஒன்று, கருவிகளுக்கு ஒன்று, அளவீடுகளுக்கு ஒன்று என அமைந்த அவை பொதுவான அடையாள எண்களால் இணைகின்றன. கருவியும் நேரமும் சேர்ந்த இணை ஒருமுறைதான் வரலாம் என விதித்துவிட்டால், அதே கோப்பை இருமுறை ஏற்றினாலும் அளவீடு இரட்டிக்காது. கருவி பழுதான நேரத்தில் பூச்சியம் இடுவது பெருந்தவறு, ஏனெனில் அது மாசே இல்லை என்று பொருள்படும். அங்கே ‘மதிப்பு இல்லை’ என்ற குறியே தகும். நேரத்திலும் கவனம் வேண்டும்: உலகப் பொது நேரத்தில் பதிந்ததை இந்திய நேரமெனக் கொண்டால், அதிகாலை 2 மணிக்கு வெளியேறிய கழிவுநீர் முந்தைய இரவு 8.30 மணிக்குரியதாகப் பதிவாகிவிடும். திருத்தம் தேவைப்பட்டால் மூல அளவீட்டை அழிக்காமல், திருத்திய மதிப்பையும் காரணத்தையும் தனிப் பத்திகளில் எழுத வேண்டும். இத்தரவுத்தளத்தின் படியொன்றை வேறு ஊரில் வைத்து, அதிலிருந்து தரவை மீட்டெடுக்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதிப்பதும் இப்பணியின் பகுதியே.