சொந்தக் கட்டுமான வானூர்தி விபத்துகளில் வானோடி பிழை

வானோடி பிழை என்பது வானூர்தியை ஓட்டுபவரின் தவறான முடிவு, கவனக்குறைவு அல்லது பயிற்சிக் குறைவு ஒரு விபத்துக்குக் காரணமாக அமைவதைக் குறிக்கும். ஆர்வலர்கள் வரைபடங்களைக் கொண்டோ பாகங்களின் தொகுதியை வாங்கியோ தாமே கட்டும் இலகுரக வானூர்திகள் சொந்தக் கட்டுமான வானூர்திகள் எனப்படும். இவற்றில் நிகழும் வானோடி பிழைகள் சிலவற்றில் வானூர்தி கட்டப்பட்ட விதத்துக்கும் பங்கு உண்டு.

பின்னணி

தொழிற்சாலையில் கட்டப்படும் ஒரே வகை வானூர்திகளில் கைப்பிடிகளும் அளவிகளும் பெரும்பாலும் ஒரே இடத்தில் அமைந்திருக்கும். சொந்தக் கட்டுமானத்தில் கட்டுபவர் தம் விருப்பப்படி மாற்றங்கள் செய்ய இயலும். ஆகவே ஒரே வரைபடத்தின்படி கட்டப்பட்ட இரு வானூர்திகளும்கூட வேறுபடலாம்.

ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டின் பொது வான்பயண வானூர்திகளில் சொந்தக் கட்டுமான வானூர்திகள் ஏறத்தாழ 10 விழுக்காடாகும். ஆனால் 2011 இல் நிகழ்ந்த பொது வான்பயண விபத்துகளில் சுமார் 15 விழுக்காடும், உயிரிழப்பு விபத்துகளில் 21 விழுக்காடும் இவற்றில் நிகழ்ந்தன. விபத்துக்குள்ளான சொந்தக் கட்டுமான வானூர்திகளுள் பாதிக்கும் மேற்பட்டவை, உரிமையாளர் தாமே கட்டாமல் பிறரிடமிருந்து வாங்கியவை ஆகும்.

பொதுவான பிழைகள்

* தாழ்வான உயரத்தில் வேகம் குறைந்த நிலையில் திரும்பும்போது, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் மிகையாகித் தூக்குவிசையை இழத்தல்
* எரிபொருள் இருப்பைச் சரியாகக் கணக்கிடாமை
* புதிய வானூர்திக்கு உரிய பயிற்சி பெறாமை
* தாழ்வான உயரத்தில் சாகசப் பறப்பு

ஜான் டென்வர் விபத்து

அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் வானூர்தி வீழ்ந்து இறந்தார். அவர் 2,700 மணி நேரத்துக்கும் மேல் பறந்த பட்டறிவு உடையவர். எனினும், பர்ட் ருட்டான் வடிவமைத்த லாங்-ஈசி வகையைச் சேர்ந்த அந்த வானூர்தி அவருக்குப் புதியது. முந்தைய நாளே சுருக்கமான அறிமுகப் பறப்பை மேற்கொண்டிருந்தார்.

எந்தத் தொட்டியிலிருந்து எரிபொருள் வரவேண்டும் என்பதைத் தெரிவு செய்யும் கைப்பிடி, வரைபடத்தின்படி வானோடியின் கால்களுக்கு இடையே இருக்க வேண்டும். கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் அமைத்திருந்தார். எரிபொருள் அளவிகளும் இருக்கைக்குப் பின்னால் இருந்தன; அவற்றில் அளவுக் குறியீடுகள் இல்லை. டென்வர் புறப்படும் முன் எரிபொருள் நிரப்பவும் இல்லை.

வானூர்தி சுமார் 100 முதல் 150 மீட்டர் உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. இது சிதம்பரம் நடராசர் கோயில் கோபுரத்தைப் போல் மூன்று மடங்கு அளவே ஆகும். கைப்பிடியைத் திருப்ப உடலை முறுக்கியபோது அவரது கால் வலது சுக்கான் மிதியை அறியாமல் அழுத்தியதால் வானூர்தி கட்டுப்பாட்டை இழந்தது என வாரியம் முடிவு செய்தது. எரிபொருள் நிரப்பாமையையும் அது காரணமாகச் சுட்டியது. கைப்பிடியின் இடம், குறியீடற்ற அளவிகள், போதாத பயிற்சி ஆகியவை துணைக் காரணிகளாகக் குறிப்பிடப்பட்டன. மீள்வதற்கு வேண்டிய உயரம் இல்லாததால் சிறு பிழையே உயிரைப் பறித்தது.

இந்தியாவில்

1910 ஆம் ஆண்டு சென்னையில் விடுதி நடத்திவந்த டி'ஏஞ்சலிஸ் தம் வடிவமைப்பின்படி கட்டுவித்த வானூர்தியைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். மும்பையைச் சேர்ந்த வானோடி அமோல் யாதவ் கட்டிய வானூர்தி 2017 இல் பதிவு பெற்றது.

1980 சூன் 23 அன்று நாடாளுமன்ற உறுப்பினர் சஞ்சய் காந்தியும் உடன் பறந்த பயிற்றுநரும் தில்லியில் சாகசப் பறப்பின்போது வானூர்தி வீழ்ந்து இறந்தனர். அவர்கள் பறந்த பிட்ஸ் எஸ்-2ஏ தொழிற்சாலையில் கட்டப்பட்டது. எனினும் அதன் முன்னோடியான எஸ்-1 வகை, சொந்தமாகக் கட்டுவோரிடையே பெயர்பெற்றதாகும்.

தடுப்பு முறைகள்

ஐக்கிய அமெரிக்காவில் புதிய வானூர்தியை முதல் 25 அல்லது 40 மணி நேரம், ஒதுக்கப்பட்ட பகுதியில் மட்டும் சோதித்துப் பறப்பது வழமை. தகுதியுள்ள இரண்டாம் வானோடி இச்சோதனையில் உடன் பறக்க 2014 முதல் வழி செய்யப்பட்டுள்ளது. கட்டிய வானூர்தியைப் பிறரிடமிருந்து வாங்குபவர், பறக்கும் முன் தரையிலேயே அமர்ந்து ஒவ்வொரு கைப்பிடியையும் எட்டி இயக்கிப் பார்ப்பது இன்றியமையாதது.