பார்க்கிங்கில் ஒரு கறுப்புத் துளி: சொகுசு கார்களில் ஆயில் லீக் ஏன் வருகிறது, என்ன செய்ய வேண்டும்?

புது ஹேட்ச்பேக் வாங்கும் காசுக்கு எட்டு வருஷம் ஓடிய பி.எம்.டபிள்யூவோ ஆடியோ கிடைத்துவிடுகிறது. வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களில் பலர் இப்படித்தான் முதல் சொகுசு காரை வாங்குகிறார்கள். கொஞ்ச நாள் சிக்கல் இல்லாமல் ஓடும். பிறகு ஒருநாள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் கறுப்பாக ஒரு துளி. அல்லது சிக்னலில் நிற்கும்போது ஏ.சி. வழியாக எண்ணெய் கருகும் வாசனை. ஒர்க் ஷாப்பில் விட்டால், “ஆயில் லீக் இருக்கு சார், கியர்பாக்ஸை இறக்கித்தான் பார்க்கணும்” என்று பெரிய தொகையைச் சொல்கிறார்கள்.

சிலர் பயந்துபோய் கேட்டதைக் கொடுத்துவிடுகிறார்கள். சிலர் “கொஞ்சம்தானே ஒழுகுது, பாத்துக்கலாம்” என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே பர்ஸைப் பதம் பார்க்கும். பெரும்பாலான லீக்குகளுக்குக் காரணம் வயதான ரப்பர்தான், இன்ஜின் ஒன்றும் செத்துவிடவில்லை. எங்கிருந்து கசிகிறது என்று தெரிந்துகொள்ளாமலே கழற்றத் தொடங்கும்போதுதான் செலவு எகிறுகிறது.

சொகுசு கார்களில் ஏன் அதிகம்?

பிளாக், ஹெட், டேப்பட் கவர், ஆயில் சேம்பர் எனப் பல பாகங்களை போல்ட் போட்டு இணைத்ததுதான் இன்ஜின். இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் ஆயில் வெளியே வராமல் தடுப்பது கேஸ்கெட். நம்மூர் மெக்கானிக்குகள் இதை ‘பேக்கிங்’ என்பார்கள். கிராங்க் ஷாஃப்ட் போன்ற சுழலும் தண்டு வெளியே வரும் இடத்தில் இருப்பது ஆயில் சீல்.

இவை எல்லா கார்களிலும் உண்டு. ஆனால் சொகுசு காரில் இவை படும் சூடு அதிகம். சின்ன இடத்துக்குள் டர்போ, கூலர், குழாய்கள் எல்லாம் நெருக்கமாக அடைக்கப்பட்டிருக்கும். சத்தம் வெளியே வராமலிருக்க மேலே ஒரு மூடி, கீழே ஒரு அண்டர் கவர். எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக, சில ஐரோப்பிய இன்ஜின்களில் கூலண்ட் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பநிலையில் ஓடும்படியே வடிவமைத்திருக்கிறார்கள். அதோடு நம்ம ஊர் வெயிலும் பம்பர்-டு-பம்பர் டிராஃபிக்கும் சேர்ந்தால், சில வருடங்களில் ரப்பர் இறுகி பிளாஸ்டிக் போல ஆகிவிடும். மூடிகளும் பிளாஸ்டிக் என்றால் அவையே வளையும், விரிசல் விடும்.

இன்னொரு சிக்கல், லீக் கண்ணில் படாது. கசியும் ஆயில் அண்டர் கவரிலும் அதில் ஒட்டியிருக்கும் பஞ்சிலும் ஊறி நிற்கும். தரையில் துளி விழும்போது கசிவு தொடங்கிப் பல மாதங்கள் ஆகியிருக்கலாம். பல பி.எம்.டபிள்யூ, ஆடி மாடல்களில் ஆயில் பார்க்கும் ‘டிப் ஸ்டிக்’ கம்பியே கிடையாது. திரையில் வரும் அளவை மட்டுமே நம்ப வேண்டும்.

முதலில், அது இன்ஜின் ஆயில்தானா?

இதை நீங்களே பார்க்கலாம். இரவில் காரை நிறுத்தும்போது அடியில் ஒரு பெரிய வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். காலையில் பாருங்கள்.

- நிறமில்லாத, பிசுபிசுப்பில்லாத தண்ணீர்: ஏ.சி. தண்ணீர். கவலை வேண்டாம்.
- தேன் நிறம் முதல் கறுப்பு வரை, வழவழப்பாக: பெரும்பாலும் இன்ஜின் ஆயில்.
- சிவப்பு, எண்ணெய்ப் பசையோடு: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அல்லது பவர் ஸ்டீயரிங் ஆயிலாக இருக்கலாம்.
- பச்சை, நீலம், இளஞ்சிவப்பு, லேசான இனிப்பு வாசனை: கூலண்ட்.

துளி விழுந்த இடம் முன் பக்கமா, நடுவிலா என்பதையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்குக்கு உதவும்.

விழும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

ஆயில் மேலிருந்து கீழே வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் மேலே முன்பக்கம் கசிவது, கீழே பின்பக்கம் வந்து சொட்டும்.

இதற்கு மிகப் பிரபலமான உதாரணம், மெர்சிடிஸ் பென்ஸின் ‘ஓ.எம். 642’ வி6 டீசல் இன்ஜின். இந்தியாவில் ஈ 350 சி.டி.ஐ., எம்.எல். 350 சி.டி.ஐ. போன்ற கார்களில் வந்தது இதுதான். இதன் ஆயில் கூலர், ‘வி’ வடிவத்தின் நடுப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அதன் அடியில் உள்ள சின்ன ரப்பர் சீல்கள் சூட்டில் இறுகிப்போனால், ஆயில் பள்ளத்தில் தேங்கி, இன்ஜினின் பின்பக்கமாக வழிந்து, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டும். கீழேயிருந்து பார்த்தால் கிராங்க் ஷாஃப்ட்டின் பின் சீல் போனது போலவே இருக்கும். கியர்பாக்ஸை இறக்கி, அந்த சீலை மாற்றி, பில் கட்டி வெளியே வந்தால் லீக் அப்படியே இருக்கும்!

உண்மையில் மாற்ற வேண்டியது அந்தச் சின்ன சீல்களைத்தான். ஆனால் அதை எட்ட டர்போ, இன்டேக் மேனிஃபோல்டு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். இந்த வேலையில் பொருளின் விலை கொஞ்சம், கூலிதான் அதிகம். பிற்காலத்தில் இதற்குச் சூட்டை நன்றாகத் தாங்கும் ‘வைட்டான்’ ரப்பர் சீல்கள் வந்துவிட்டன. மாற்றும்போது புது வகையைத்தான் போட வேண்டும்.

சரியான டயக்னோசிஸ் எப்படி இருக்கும்?

நல்ல மெக்கானிக் முதலில் எதையும் கழற்ற மாட்டார். அண்டர் கவரை எடுத்துவிட்டு, பழைய எண்ணெய்ப் பிசுக்கை டீகிரீசர் போட்டு சுத்தம் செய்வார். சில நாள் ஓட்டிவிட்டு வரச் சொல்வார். பிறகு லிஃப்ட்டில் ஏற்றி, ஈரம் எங்கே தொடங்குகிறது என்று மேலிருந்து கீழாகத் தேடுவார். அப்படியும் தெரியாவிட்டால் ஆயிலில் ஒரு சாயத்தைக் கலந்து, ஓட்டிவிட்டு, புற ஊதா டார்ச் அடித்துப் பார்ப்பார். கசியும் இடம் பளிச்சென்று ஒளிரும்.

இன்னொன்றையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்: பி.சி.வி. வால்வு. இன்ஜினுக்குள் சேரும் வாயு அழுத்தத்தை வெளியேற்றும் மூச்சுக்குழாய் மாதிரி இது. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகக்கூட ஆயிலைத் தள்ளிவிடும். ஆடியின் 1.8, 2.0 லிட்டர் டி.எஃப்.எஸ்.ஐ. பெட்ரோல் இன்ஜின்களில் இதற்கு நேர்மாறாக நடப்பதுண்டு. வால்வுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்தால் உள்ளே வெற்றிடம் அதிகமாகி, பின் சீலை உள்ளுக்கு இழுத்துப் பாழாக்கும். விசில் மாதிரி ஒரு சத்தம், ஐடிலில் ஆயில் மூடியைத் திறக்கவே முடியாதபடி இறுக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். வால்வை விட்டுவிட்டு சீலை மட்டும் மாற்றினால், புது சீலும் போகும்.

‘கொஞ்சம்தானே’ என்று விட்டால்?

டேப்பட் கவர் ஓரத்தில் லேசான ஈரம் என்றால் அவசரமில்லை; அடுத்த சர்வீஸில் பார்க்கலாம். ஆனால் மூன்று இடங்களில் கசிந்தால் தள்ளிப்போடக் கூடாது.

ஒன்று, சூடான எக்ஸாஸ்ட் அல்லது டர்போ மேல் சொட்டினால். இன்ஜின் ஆயில் 200 டிகிரிக்குச் சற்று மேலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். டர்போ அதைவிடப் பல மடங்கு சூடாகும். கருகும் வாசனையோடு புகையும் வந்தால் ஓட்ட வேண்டாம்.

இரண்டு, பெல்ட் மேல் சொட்டினால். பி.எம்.டபிள்யூவின் ஆறு சிலிண்டர் என்52, என்54, என்55 பெட்ரோல் இன்ஜின்களில் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் பேக்கிங் இதற்குப் பேர்போனது. கசியும் ஆயில் கீழே இருக்கும் டிரைவ் பெல்ட்டில் ஊறும். பெல்ட் கழன்று, கிழிந்து, முன் ஆயில் சீல் வழியாக இன்ஜினுக்குள்ளேயே இழுக்கப்பட்டுவிடும். அந்தத் துணுக்குகள் ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்தால் இன்ஜினுக்கே ஆபத்து. ஒரு சாதாரண பேக்கிங்கைத் தள்ளிப்போட்டதில் வந்த வினை இது.

மூன்று, வயரிங்குக்குள் போனால். மெர்சிடிஸின் எம்271, எம்272 பெட்ரோல் இன்ஜின்களில் கேம் ஷாஃப்ட் மேக்னட் கசிந்தால், ஆயில் வயருக்குள்ளேயே ஊர்ந்து இன்ஜின் கம்ப்யூட்டர் வரை போய்விடும்.

டேஷ்போர்டு விளக்குகளையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். மஞ்சள் விளக்கு, ஆயில் அளவு குறைவு; சீக்கிரம் ஊற்றுங்கள். சிவப்பு விளக்கு, ஆயில் அழுத்தம் போய்விட்டது. ஓரங்கட்டி உடனே இன்ஜினை நிறுத்துங்கள். “பக்கத்துலதான் ஒர்க் ஷாப், ஓட்டிட்டுப் போயிடலாம்” என்று நினைக்கவே கூடாது. டோ செய்யும் செலவு, புது இன்ஜினுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஒர்க் ஷாப்பில் கேட்க வேண்டியவை

- “எந்த இடம்னு உறுதியா தெரியுமா? போட்டோ காட்டுங்க.”
- “பி.சி.வி. வால்வு செக் பண்ணீங்களா?”
- “கழட்டுறப்போ பக்கத்துல வேற எதையும் சேர்த்து மாத்திடலாமா?” ஒரே கூலியில் இரண்டு வேலை முடியும்.
- “போல்ட்டும் புதுசா போடுவீங்களா?” பல பி.எம்.டபிள்யூ இன்ஜின்களில் அலுமினிய போல்ட்டுகளை ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும்.

பேக்கிங் இருக்க வேண்டிய இடத்தில் சிலிக்கான் பேஸ்ட்டை அப்பி அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே பிதுங்கும் பேஸ்ட் உதிர்ந்து ஆயில் வழியை அடைக்கலாம். கடையில் விற்கும் ‘ஸ்டாப் லீக்’ திரவங்கள் இறுகிய ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைக்கும், அவ்வளவுதான். கிழிந்த சீலையோ விரிசல் விட்ட மூடியையோ அது சரி செய்யாது.

வராமல் தடுக்க

மேனுவலில் எவ்வளவு நீண்ட இடைவெளி போட்டிருந்தாலும், நம்ம ஊர் சூட்டுக்கு 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அதில் ஆயிலை மாற்றுவது நல்லது. 5டபிள்யூ-30 என்று பார்த்து மட்டும் வாங்காதீர்கள். நிறுவனத்தின் தர எண் டப்பாவில் இருக்க வேண்டும்: மெர்சிடிஸுக்கு 229.5, பி.எம்.டபிள்யூவுக்கு எல்.எல்.-01 என்பதுபோல, உங்கள் இன்ஜினுக்கு எது என்று மேனுவலில் இருக்கும். அளவுக்கு மேல் ஊற்றுவதும் தவறு. ஒவ்வொரு முறையும் டிரெய்ன் போல்ட் வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அண்டர் கவரைத் திரும்ப மாட்டினார்களா என்று குனிந்து பாருங்கள். உயரமான ஸ்பீடு பிரேக்கரில் அடி வாங்கினால் முதலில் உடைவது ஆயில் சேம்பர்தான்.

பழைய கார் வாங்கும்போது, இன்ஜின் அறை அளவுக்கு மீறிப் பளபளவென்று கழுவி இருந்தால் சந்தேகப்படுங்கள். அண்டர் கவரைக் கழற்றி, லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

வழக்கமான மோட்டார் பாலிசியில் தேய்மானமும் மெக்கானிக்கல் கோளாறும் சேராது. ‘ஜீரோ டெப்’ எடுத்திருந்தாலும் இதேதான். ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் கவர் இருந்தால், அடிபட்டு சேம்பர் உடைந்து, ஆயில் ஒழுகி இன்ஜின் பாதிக்கப்படும்போது உதவும். அப்போதும், அடிபட்ட பிறகு தொடர்ந்து ஓட்டியிருந்தால் கிளெய்ம் சிக்கலாகும். வயதாகிக் கசியும் பேக்கிங்குக்கு உங்கள் பணம்தான்.

அதனால் இந்த வார இறுதியில் ஒரு வெள்ளை அட்டையை காருக்கு அடியில் விரித்துப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் சந்தோஷம். துளி இருந்தால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் டீகிரீசரையும் டார்ச்சையும் எடுக்கும் மெக்கானிக்கைத் தேடுங்கள்.